கண் தெரியாத நாய்க்கு ஏற்ற வீடு எது?



நான் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கால்நடை மருத்துவம் படித்தவன் அல்லன். ஆயினும் கண் தெரியாத ஒரு நாய்க்கு வீடு தேடி, முதல் முறை தவறி, இரண்டாம் முறை தேறினேன். அந்தப் பாடத்தை நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஒரு மழைக்காலத்தில் மாட்டுங்கா ரயில்வே பணிமனையின் மதிலோரம் ஒரு பெண் நாய் நனைந்தபடி நின்றது. இரண்டு கண்களிலும் வெள்ளை படர்ந்திருந்தது. கை நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டு வாலாட்டும். அவ்வளவு சாது. காது நுனியில் சிறு வெட்டு இருந்தது. கருத்தடை செய்யப்பட்ட தெருநாய் என்பதற்கு அதுவே அடையாளம். மணி என்று பெயரிட்டு, பரேலில் உள்ள பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன்.

டாக்டர் அதன் முகத்துக்கு முன் பஞ்சுத் துண்டு ஒன்றைக் கீழே போட்டார். பஞ்சு விழும்போது சத்தம் வராது. பார்வை இருந்தால் தலை அதைப் பின்தொடரும். மணி அசையவில்லை. விரலைச் சொடுக்கியதும் காது திரும்பியது. "பழைய புண் ஆறி விழுந்த தழும்பு. பார்வை திரும்பாது, வலியும் இல்லை" என்றார். வெள்ளை படர்ந்த கண்ணெல்லாம் குருடு அல்ல. கண்புரையானால் சில சமயம் அறுவை சிகிச்சை உதவும். கண் அழுத்த நோயானால் வலி கடுமையாக இருக்கும், அதை முதலில் தீர்க்க வேண்டும். ஆகவே வீடு தேடுவதற்கு முன் டாக்டரிடம் காட்டுவதே முதற்படி.

நான் செய்த தவறு

என் வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை. செம்பூரில் ஒரு நல்ல குடும்பம் முன்வந்தது. மூன்று அறை, அகலமான ஹால். பொறியாளன் புத்தி சதுர அடியைத்தான் பார்த்தது. பத்து நாள் ஆகவில்லை. இன்று இங்கிருக்கும் நாற்காலி நாளை அங்கே, வழியில் புத்தகப் பை, மாலையில் விருந்தாளிகள். மணி முட்டி முட்டி மூலையில் ஒடுங்கியது. ஒரு நாள் தூங்கும்போது குழந்தை பின்னாலிருந்து கட்டிப் பிடிக்க, திடுக்கிட்டுக் கவ்விவிட்டது. பல் கீறிய இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, டாக்டரிடம் ஓடி ஊசி போட்டார்கள். அதுவே சரியான முறை. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது.

"சார், தயவுசெய்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்" என்றார்கள். குற்றம் குழந்தையுடையதும் அல்ல, நாயுடையதும் அல்ல. வீட்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

ரயில்வே தந்த விடை

மூடுபனியில் சிக்னல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் சிக்னலுக்குக் குறைந்தது 270 மீட்டர் முன்பாகத் தண்டவாளத்தின்மேல் வெடிச் சிக்னல் வைக்கும் முறை உண்டு. சக்கரம் ஏறியதும் சத்தம் கேட்கும். சிக்னல் நெருங்குகிறது என்று டிரைவர் அறிந்துகொள்வார். சிக்னல் தினமும் இடம் மாறினால் அந்த ஏற்பாட்டால் என்ன பயன்?

நாய்க்கும் அப்படித்தான். அதன் மூக்கும் காதும் நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மை. மோப்பம், ஓசை, பாதத்தில் படும் தரை ஆகியவற்றைக் கொண்டு வீட்டின் வரைபடத்தை மனத்தில் எழுதிக்கொள்ளும். நாம் பொருளை நகர்த்தினால் அந்த வரைபடம் அழிந்துவிடும். ஆகவே பெரிய வீடு வேண்டாம். மாறாத வீடு வேண்டும்.

அப்படி ஒரு வீடு தாராவியில் கிடைத்தது. ஒரே அறை. வயதான தம்பதியர், அவர் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். "சாமானை இடம் மாற்றக் கூடாதும்மா" என்று நான் விளக்க ஆரம்பித்ததும் அந்த அம்மாள் சிரித்தார். "நகத்த இடம் இருந்தாத்தானே சார் நகத்துவோம்!"

தையல் மெஷின் ஓசை மணிக்குக் கலங்கரை விளக்கம் ஆயிற்று. எங்கிருந்தாலும் அதைக் கேட்டுத் தன் கோணிப்பைக்கு வந்துவிடும்.

வீடு தேடுவோர் கவனிக்க

1. பகலில் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும்.

2. மாடிப்படி, பரண் ஏணி, பால்கனிக்கு அடைப்பு வேண்டும். படிக்கு முன் தேங்காய்நார் மிதியடி போடுங்கள். அதுதான் அதன் வெடிச் சிக்னல்.

3. முதல் வாரம் கயிற்றில் பிடித்து, படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், அங்கிருந்து வாசல் என்று ஒரே பாதையில் நடத்துங்கள். கிண்ணத்தின் இடத்தை மாற்றாதீர்கள்.

4. பெயர் சொல்லாமல் தொடக் கூடாது. தூங்கும்போது தொடவே கூடாது. குழந்தைகளுக்கு இதை முதலில் கற்றுக்கொடுங்கள்.

5. 'நில்', 'படி' போன்ற சொற்களை எல்லோரும் ஒரே மொழியில் சொல்லுங்கள். அப்பா 'நில்', பிள்ளை 'ருக்கோ', பக்கத்து வீட்டார் 'தாம்ப்' என்றால் மணி என்ன செய்யும்?

6. வெளியே போகும்போது எப்போதும் கயிறு வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம் இரண்டையும் தவறவிடாதீர்கள்.

7. பதினைந்து நாள் சோதனையாக வைத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் திருப்பித் தருவது அவமானம் அல்ல. தெருவில் விட்டுவிடுவதுதான் பாவம். பசி தாகத்தில் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

புனரமைப்பில் அவர்கள் வீடு மாற நேர்ந்தால் என்ன செய்வது என்று ஒரு நாள் கேட்டேன். "மெஷினும் கோணிப்பையும் கூடவே வரும் சார். மறுபடி முதல் வாரத்துப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தாப் போச்சு" என்றார் அவர். பிழைப்புக்காக ஊர் மாறி வந்த நமக்கும் அப்படித்தானே? பழகிய குரலும் பழகிய பாயும் இருந்த இடத்தைத்தான் வீடு என்றோம்.

இத்தகைய வாயில்லா ஜீவன் உங்கள் வாசலுக்கு வந்தால், இரக்கப்படுவதோடு நிற்காமல், உங்கள் வீடு அதற்குப் பொருந்துமா என்றும் பாருங்கள். பொருந்தாவிட்டால், பொருந்தும் வீட்டைத் தேடிக் கொடுங்கள்.