இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

293318625600. பன்னிரண்டு இலக்கங்கள். இதற்குக் காரணிகள் எத்தனை என்று கல்குலேட்டர் இல்லாமல் சொல்லச் சொன்னால் தரம் 11 மாணவிகள்கூடச் சிரிப்பார்கள். "நமக்குக் கணக்கு வராது டீச்சர்" என்று முன்வரிசையிலிருந்தே குரல் வரும். சிறிய வகுப்பில் படித்த முதன்மைக் காரணிகளே இதற்குப் போதும் என்பதைக் காட்டத்தான் எழுதுகிறேன்.

தோட்டத்தில் காலைப் பிரட்டுக்கு 60 பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2, 3, 4, 5, 6, 10, 12 என எப்படிக் குழு பிரித்து மலைக்கு அனுப்பினாலும் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். 59 பேர் வந்தால் கங்காணியின் பாடு திண்டாட்டம்தான். 60க்கு 12 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை.

இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் வெல்லும் எண்களைப் பற்றித்தான், கும்பகோணத்தில் வளர்ந்து சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த இராமானுஜன், 1915இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் நீண்ட கட்டுரை எழுதினார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியதும் இந்த ஆய்வுக்காகவே. அதிலுள்ள அட்டவணை 6746328388800 வரை போகிறது. அதற்குள் ஒரே ஓர் எண் விடுபட்டுவிட்டது. அதுதான் மேலே சொன்ன எண்.

அதைப் பிரித்தால்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒரு காரணியை உருவாக்க 2ஐ எடுக்காமலும் விடலாம், ஆறு தடவை வரையும் எடுக்கலாம். ஆக 7 வழிகள். 3க்கு 5 வழிகள். 5க்கும் 7க்கும் மும்மூன்று. மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. சுட்டியோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்குகிறோம், அவ்வளவுதான்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

இனி அட்டவணையைப் பாருங்கள். 240940299600க்கு 4800 காரணிகள். அதை அடுத்து அதிலிருப்பது 321253732800, அதற்கு 5376. நமது எண் அளவிலும் காரணிகளிலும் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்குங்கள். அட்டவணையின் கடைசி எண்ணே வரும். காரணிகளும் சரியாக இருமடங்கு, 10080.

வீட்டில் உம்மா, வாப்பாவும் பென்சிலும் தாளும் எடுத்து உட்காரலாம். 5040ஐப் பிரித்தால் 2⁴ × 3² × 5 × 7. அதன் காரணிகள் 5 × 3 × 2 × 2 = 60. 60க்கு 12 என்பதை மேலே பார்த்தோம். 5040, 60, 12 ஆகிய மூன்றும் இராமானுஜனின் எண்களே. 12இன் காரணிகளை எண்ணும் வேலையைத் தரம் 6இல் படிக்கும் தங்கையிடம் கொடுங்கள். அவளுக்குக் கிடைக்கும் விடையும் அந்தப் பட்டியலில் உண்டு.