இரண்டு நோயா, ஒன்றா?

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் பழைய சாலையில் மம்பாவ் உள்ளது. இவ்வட்டாரத் தோட்டப்புறங்களில் ஒருவருக்குக் கால் மரத்துப்போனால், “இனிப்புநீராகத்தான் இருக்கும்” என்று அக்கம்பக்கத்தார் சொல்லிவிடுவர். பெரும்பாலும் அது சரியே. நீண்டகால நீரிழிவு நோய் கால் நரம்புகளையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே கெடுக்கும். ஆயினும், எல்லா மரத்தலுக்கும் அதுவே காரணமன்று.

ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பு இதே நெகிரி செம்பிலானில் கால் மரத்து, வீங்கிப் பலர் இறந்தனர். அந்நோயின் பெயர் பெரிபெரி. அது தொற்றுநோய் என்று பலர் எண்ணினர். மாநில மருத்துவர் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசி உண்போரையே நோய் தாக்கியது. புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் தப்பினர். இதனை 1907இல் நூலாக எழுதினார். பின்னர், பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், காட்டுப் பகுதியில் சாலை அமைத்த தொழிலாளர்களிடையே ஆய்வு நடத்தி அரிசியே காரணம் என்று காட்டினர். தவிட்டோடு நீங்கிய வைட்டமின் பி1தான் குறை என்பது அதற்கும் பின்னரே தெரிந்தது. நரம்பும் வீக்கமும் இரு வேறு நோய்கள் அல்ல, வேர் ஒன்றே.

இன்று மருத்துவர்கள் காணும் அரிய நோய் ஒன்றும் அப்படிப்பட்டதே. ஆனால், இதில் குறை உணவில் இல்லை. கிருமிகளை அழிக்க நம் உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. சில வேளைகளில் அவை ஆள் மாறி, சொந்த உடலையே தாக்கும். நரம்பின் மீது மின்கம்பியின் உறைபோல ஓர் உறை சுற்றியிருக்கும். அவ்வுறையின் ஓரத்தை நரம்போடு பிணைக்கும் புரதங்களுள் ஒன்று காண்டாக்டின்-1. இதனைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் சில நரம்பு நோயாளிகளிடம் இருப்பதை ஆய்வாளர்கள் 2013இல் தெரிவித்தனர். அவர்களுள் சிலருக்குச் சிறுநீரில் புரதமும் ஒழுகியது. ஏன்? சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளிலும் அதே புரதம் இருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2021இல் எடுத்துரைத்தனர். ஒரே எதிர்ப்பொருள் இரண்டு இடங்களையும் தாக்கியிருக்கிறது!

இத்தகையோருக்குக் கைகால் மரத்தல், நடையில் தள்ளாட்டம், தசைத் தளர்ச்சி ஆகியவை வரும். சிறுநீர் நுரைக்கும், புரதம் வெளியேறுவதால் கால் வீங்கும். நீரிழிவால் வரும் மரத்தல் பல ஆண்டுகளில் மெல்ல ஏறும். இதுவோ சில வாரங்களில் அல்லது மாதங்களில் ஆளைச் சாய்த்துவிடும். இந்த வேகமே முக்கியமான துப்பு.

சிக்கல் வேறோர் இடத்திலும் உண்டு. நரம்பு மருத்துவரிடம் செல்பவர் கால் வீக்கத்தைச் சொல்வதில்லை. சிறுநீரக மருத்துவரிடம் செல்பவர் மரத்தலைச் சொல்வதில்லை. ‘இவரிடம் அதை எதற்குச் சொல்வது?’ என்ற தயக்கம்தான். சிறுநீரில் புரதம் உள்ளதா என்பதை ஒரு சோதனைக் கீற்று சில நிமிடங்களில் காட்டிவிடும். அதற்குப் பெருஞ்செலவும் ஆகாது. எதிர்ப்பொருளைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனைதான் அரிது.

காரணம் தெரிந்தால் மருந்தும் மாறுகிறது. இவ்வகை நரம்பு நோய்க்கு வழக்கமாக ஏற்றப்படும் இம்யூனோகுளோபுலின் இவர்களுள் பலருக்குப் போதிய பலன் தருவதில்லை. எதிர்ப்பொருளை உருவாக்கும் அணுக்களைக் குறைக்கும் ரிடுக்ஸிமேப் என்ற மருந்தால் பலருக்கு நடையும் தேறியிருக்கிறது. சிறுநீரில் புரதம் ஒழுகுவதும் குறைந்திருக்கிறது.