ஆட்ட முடிவில் எடுக்குந் துணிபு: அமெரிக்கக் கல்லூரிப் பந்தாட்டத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்துள்ளார். எண்ணித் துணிதலை முதற்கண் கூறிய பின்னரே வலியும் காலமும் இடமும் வருகின்றன. இவற்றை மேல்வகுப்பு மாணாக்கர்க்குக் கற்பிக்குங்கால் அரசரையும் படையையும் உதாரணங் காட்டுவதே நம் வழக்கமாயிருந்தது. அமெரிக்காவில் வதியும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் நம் இல்லம் போந்து, அந்நாட்டுக் கல்லூரிப் பந்தாட்டத்தைப் பற்றி ஒருநாள் மாலை முழுவதும் உரையாடிச் சென்ற பின்னர் அவ்வுதாரணத்தை மாற்றிக்கொண்டோம்.

அமெரிக்கர் 'புட்போல்' என வழங்குவது நம் உதைபந்தாட்டம் அன்று. பெயரிற் பாதமிருப்பினும் ஆட்டத்திற் பெரும்பாலும் கையே தொழிற்படும். நூறு யார் நீளமுள்ள களத்தில், பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் முன்னேறல் வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சி. எதிரியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் 'ரச்டவுண்'. அதற்கு ஆறு புள்ளி. பின்னர் ஒரு மேலதிக வாய்ப்புண்டு. கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து ஒரு புள்ளி பெறலாம். அல்லது மூன்று யார் தூரத்திலிருந்து மீண்டும் கோட்டைக் கடந்து இரண்டு புள்ளி பெறலாம். உதை பெரும்பாலுந் தவறாது. இரண்டு புள்ளி முயற்சியோ பாதியளவுகூடக் கைகூடுவதில்லை. இவ்விரண்டு புள்ளி விதி கல்லூரி ஆட்டத்தில் 1958ஆம் ஆண்டு புகுந்தது. ஆட்டநேரம் அறுபது நிமிடம். விதிகள் இன்னும் பலவாயினும், நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இத்துணை போதும்.

1966ஆம் ஆண்டு நவம்பர் 19ஆந் திகதி நோத்தர் டேம் பல்கலைக்கழகமும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் பொருதன. நாட்டின் முதலாம் இடத்திலும் இரண்டாம் இடத்திலும் வைத்தெண்ணப்பட்ட அணிகள் அவை. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலிருக்கையில் இருவரும் பத்துப் பத்துப் புள்ளி. பந்து நோத்தர் டேமின் கையில். தொலைவெறிந்து வெற்றியை நாடுவதா, பந்தைக் காத்து மணியை ஓட்டுவதா? பயிற்றுநர் ஆரா பர்சீகியன் இரண்டாவதைத் தேர்ந்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மேலதிக நேரம் ஆடும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. சாம்பியன் யார் என்பதைப் பத்திரிகையாளரும் பயிற்றுநரும் அளித்த வாக்கே தீர்மானித்தமையின், அடுத்த ஆட்டத்தையும் வென்ற நோத்தர் டேம் முதலிடத்தை இழக்கவில்லை. எண்ணிய பயன் கிட்டியது. ஆயினும் "வெல்ல முயலாது நின்றார்" என்னும் பழிச்சொல் பர்சீகியனை வாழ்நாள் முழுதுந் தொடர்ந்தது.

இதற்கு நேர்மாறான துணிபொன்று 1984ஆம் ஆண்டு சனவரி 2ஆந் திகதி நிகழ்ந்தது. மயாமி நகரில் ஓறேஞ் போல் ஆட்டம். தோல்வியே அறியாத நெப்ராஸ்கா ஒருபுறம். உள்ளூர் மயாமிப் பல்கலைக்கழகம் மறுபுறம். இறுதிக் காற்பகுதியில் மயாமி 31, நெப்ராஸ்கா 17. பதினான்கு புள்ளி பின்னின்ற நெப்ராஸ்கா ஒரு ரச்டவுண் பெற்று, வழக்கப்படி உதைத்து 24 ஆக்கியது. நாற்பத்தெட்டு வினாடி எஞ்சியிருக்க, நான்காம் முயற்சியில் மற்றுமொரு ரச்டவுண்: 31க்கு 30. இனி ஓர் உதை, சமநிலை. சமநிலையே போதும், சாம்பியன் பட்டம் நெப்ராஸ்காவுக்கே என்பது பெரும்பாலார் கருத்து. பயிற்றுநர் ரொம் ஒஸ்போண் உதைக்கவில்லை. வென்றே பட்டம் பெறல் வேண்டுமெனக் கருதி இரண்டு புள்ளிக்கு முயன்றார். எறிந்த பந்து எதிரியின் விரல்பட்டு விலகியது. மயாமி வென்றது, பட்டமும் மயாமிக்கே போயிற்று.

ஒஸ்போணின் ஆண்மையை அமெரிக்கர் இன்றும் போற்றுவர். நாமும் போற்றுவோம். ஆயினும் ஆராய்ச்சியென்று புகுந்தபின் ஒன்று கேட்கவேண்டியுளது. இடர்ப்பட்டே தீர்வதென்று துணிந்தவர், அவ்விடரை இரண்டாம் ரச்டவுணுக்கு ஏன் ஒத்திவைத்தார்? முதலாவதிலேயே இரண்டு புள்ளிக்கு முயன்றிருந்தால் என்னாகும்? இக்கேள்வியை டிக்சிற், நேல்பவ் என்னும் பொருளியலறிஞர் இருவர் 1991இல் வெளியிட்ட நூலொன்றில் எழுப்பியுள்ளனர். நாம் கணித ஆசிரியர் அல்லேம். ஆதலின் கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவரை அருகிலிருத்தி இக்கணக்கைப் போட்டோம்.

இரண்டு புள்ளி முயற்சி இருமுறைக்கு ஒருமுறை கைகூடும் என்றும், உதை தவறாது என்றும், இரண்டு ரச்டவுணும் கிடைத்தே தீரும் என்றுங் கொள்க. ஒஸ்போண் சென்ற வழியில் முதலில் உதை, இறுதியில் இரண்டு புள்ளி. வெற்றி ½, தோல்வி ½, இடைப்பட்டது எதுவுமில்லை. மற்றைய வழியில் முதற்கண் இரண்டு புள்ளி முயற்சி. கைகூடின் 25 ஆகும், அடுத்த ரச்டவுணோடு 31, ஓர் உதையால் 32, வெற்றி. இதற்கு வாய்ப்பு ½. கைகூடாவிடின் 23; அடுத்ததோடு 29; அப்போது மீண்டும் இரண்டு புள்ளிக்கு முயலலாம். அது கைகூடின் 31க்கு 31, சமநிலை, வாய்ப்பு ¼. அதுவுந் தவறின் தோல்வி, வாய்ப்பு ¼. எனவே வெற்றிக்குரிய வாய்ப்பு இரு வழியிலும் ஒன்றே. தோல்விக்குரியதிற் பாதி சமநிலையாக மாறுகின்றது. அன்றியும், அச்சமநிலை அஞ்சி உதைத்துப் பெற்றதாகாது. வெற்றிக்கு முயன்று தவறியவர் மீண்டெழுந்து பெற்றதாகும். பர்சீகியனைத் தொடர்ந்த பழி அதனைத் தீண்டமாட்டாது.

இதற்கு மறுப்புமுண்டு. புள்ளிநிலை மாறின் எதிரியும் தன் ஆட்டத்தை மாற்றுவான். ஆறு புள்ளியே முன்னிற்பவன் ஏழு புள்ளி முன்னிற்பவன்போல ஆடான். முதல் முயற்சி தவறிய அணியின் மனந் தளர்தலும் இயல்பே. இம்மறுப்புக்களிற் பின்னையதை ஆசிரியராகிய நாம் எளிதிற் புறந்தள்ளோம். முதல் வினாவிற் சறுக்கிய மாணாக்கன் வினாத்தாள் முழுவதிலுஞ் சறுக்குவதை ஆண்டுதோறுங் காண்கின்றோம். எனினும் கணக்கின் போக்கை மாற்ற இவை போதா என்பதே நம் கருத்து.

1996 முதல் முதனிலைக் கல்லூரி ஆட்டங்களிற் சமநிலை ஒழிந்து, மேலதிக ஆட்டம் வழக்கிற்கு வந்துவிட்டது. அதனால் இக்கணக்குப் பயனற்றதாயிற்றோ எனின், ஆகவில்லை. முன்னினும் வியப்பான விடையைத் தருகின்றது. மேலதிக ஆட்டத்தில் இரு அணிக்கும் வாய்ப்புச் சமமென்று கொள்வோம். பதினான்கு புள்ளி பின்னிற்கும் அணி இருமுறையும் உதைத்தால் வெற்றிவாய்ப்பு ½. முதலிலேயே இரண்டு புள்ளிக்கு முயலுகின்றது. அம்முயற்சி ஐந்தில் இருமுறையே கைகூடும் என்று வைப்போம். முதன்முறையே கைகூடி வெல்ல 2/5. தவறி, மறுமுறை கைகூடி, மேலதிக ஆட்டத்தில் வெல்ல 3/5 × 2/5 × ½, அஃதாவது 3/25. கூட்ட 13/25. பாதிக்குமேல் தவறும் முயற்சியொன்று பாதிக்குமேல் வெற்றி தருகின்றது! நண்பர் இவ்விடத்திற் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை.

இனிக் காலமறிதல். இவ்வாட்டத்தில் எல்லைக்குள் ஒரு முயற்சி முடிந்தால் மணி ஓடிக்கொண்டேயிருக்கும். அடுத்ததைத் தொடங்க நாற்பது வினாடி வரை தாமதிக்கலாம். எதிரணி தனக்குரிய இடைநிறுத்தங்களைச் செலவிட்டுவிட்டதாயின், முன்னிற்கும் அணி பந்தைப் பெற்று முழந்தாளிட்டாற் போதும். மணி தானே ஆட்டத்தை முடித்துவிடும். வீரமற்ற காட்சிதான். ஆனால் அதைச் செய்யாததால் விளைந்தது யாது?

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆந் திகதி, முன்னர்க் கூறிய அதே மயாமி, ஜோர்ஜியா தொழினுட்பக் கழக அணிக்கெதிராக 20க்கு 17 என முன்னின்றது. எஞ்சியது ஏறக்குறைய அரை நிமிடம். எதிரணிக்கு இடைநிறுத்தம் ஒன்றுமில்லை. ஒருமுறை முழந்தாளிட்டால் ஆட்டம் முடிந்தது. அவ்வாறன்றிப் பந்தை ஒரு வீரனிடங் கொடுத்து ஓடவைத்தனர். மோதலிற் பந்து நழுவிற்று, எதிரணி கைப்பற்றிற்று. கடைசி வினாடிகளில் நாற்பத்துநான்கு யார் எறிவொன்றால் ரச்டவுண். 23க்கு 20 எனத் தோற்றனர். முழந்தாளிட்டிருக்க வேண்டுமெனப் பயிற்றுநரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

பந்து நழுவவிட்டவன் ஒரு மாணாக்கன். ஓடென்றார், ஓடினான். ஓடுபவன் கையிற் பந்து சிலபோது நழுவுதல் ஆட்டத்தின் இயல்பு. அவ்வியல்பு தெரிந்தும் ஓடவைத்தவர் மூத்தோர். படங்களிலும் பேச்சிலும் மீண்டும் மீண்டும் வருவதோ நழுவிய அந்தக் கணம். நம் கல்லூரிகளிலும் இது புதியதன்று. தோற்றுவரும் அணியைப் பேருந்தினின்றும் இறங்கக் கண்டவுடன், "யார் தவறவிட்டது?" என்று கேட்போமேயன்றி, "யார் அவ்வாறு ஆடச்சொன்னது?" என்று கேட்பதில்லை. நாமும் அவ்வாறு கேட்டதுண்டு.

ஒஸ்போண், அந்த ஓறேஞ் போலுக்குப் பின்னர் 1994, 1995, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளிற் சாம்பியன் பட்டம் பெற்றார். 1997இன் பட்டம் மிச்சிகனோடு பகிர்ந்துகொள்ளப்பட்டது.

மேல்வகுப்பு மாணாக்கர்க்கு ஒரு பயிற்சி. ஓர் அணி பதினைந்து புள்ளி பின்னிற்கின்றது. பத்து நிமிடம் எஞ்சியுளது. சமநிலையை எய்த இரண்டு ரச்டவுணும், ஓர் உதையும், ஓர் இரண்டு புள்ளியும் வேண்டும். இரண்டு புள்ளிக்கு முதற்கண் முயல்வதா, இறுதியில் முயல்வதா? பெருக்கிப் பார்ப்பின் இரு வழிக்கும் விடை ஒன்றே வரும். ஆயினும் நாம் ஒன்றையே தேர்வோம். தவறியதை எட்டு நிமிடம் இருக்கும்போது அறிவதற்கும், எட்டு வினாடி இருக்கும்போது அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்து எழுதுக.