பயிற்சி வகுப்பு போதாது, பக்கத்து நாற்காலி வேண்டும்

கேள்வி: எங்கள் கல்லூரித் தமிழ்த்துறையில் 9 பேர் இருக்கிறோம். கேள்வித்தாள், பாடக்குறிப்பு எல்லாம் இன்னும் பாமினி எழுத்துருவில்தான். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற இரண்டு முறை பயிற்சி வகுப்பு நடந்தது. எல்லாரும் வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், மறுநாள் பழையபடி பாமினி. மூத்தவர்களுக்கு இனிமேல் இதெல்லாம் வராது என்று விட்டுவிடலாமா?
– உதவிப் பேராசிரியை ஒருவர், கடையம்

பதில்: விட்டுவிடாதீர்கள். முதலில் உங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். காலை வணக்கம் முதல் இரங்கல் செய்தி வரை அந்த மூத்தவர்கள் தமிழில் தட்டியது அத்தனையும் ஒருங்குறிதான். அதற்கு எந்த வகுப்பும் நடக்கவில்லை. மகளோ பேரனோ சக ஆசிரியரோ போனை வாங்கி, விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்திருப்பார். பேச வேண்டியவர்கள் எல்லாரும் அங்கே இருந்ததால் தானாகப் பழகிவிட்டது.

கேள்வித்தாள் அப்படியல்ல. எழுதியவர், துறைத்தலைவர், தட்டச்சர் என்று கைமாறிப் போவது அது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினியில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவைதான் தெரியும். ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்குத் தனி இடம் உண்டு. 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்று அறிவித்தது. ஆனால் ஒருவர் மட்டும் மாறினால், “சார், இதுல என்னால திருத்தம் போட முடியலையே” என்று தட்டச்சர் கோப்பைத் திருப்பி அனுப்புவார். அந்தச் சங்கடத்துக்கு அஞ்சித்தான் பலரும் பழையதிலேயே இருக்கிறார்கள். வயது இதற்குக் காரணமில்லை.

புதியது ஒன்று எப்படிப் பரவுகிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் அயோவாவில் கலப்பின மக்காச்சோளம் பரவியதை ரயன், கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 259 உழவர்களிடம் கேட்டு 1943-இல் எழுதினார்கள். விதையைப் பற்றிப் பலரும் முதலில் கேள்விப்பட்டது வியாபாரியிடம். நம்பி விதைக்க வைத்ததோ அண்டை வயல்காரர். உங்கள் கடையம் பக்கம் ராமநதிப் பாசனத்தில் பயிர் செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த வயலில் கதிர் சாய்ந்து நிற்பதைப் பார்த்த பிறகுதானே புது ரக நெல்லைக் கேட்டுப் போகிறோம்? ஆசிரியர் அறையும் அப்படித்தான்.

எனவே, கோப்பு திறக்காதபோது எல்லாரும் கூச்சமில்லாமல் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். அவர் பதவியில் இளையவராக இருக்கலாம். அவரையும் தட்டச்சரையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேராக ஒரே நாளில் மாறுங்கள். பாமினியில் பழகிய விரல்கள் மாற வேண்டியதில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் பாமினி விசை அமைப்பும் தட்டச்சுப்பொறி அமைப்பும் உண்டு. அதே விசையைத் தட்டலாம், விழுவது மட்டும் ஒருங்குறியாக இருக்கும். இந்த ஒரு செய்தியே பாதித் தயக்கத்தைத் தீர்க்கும். செங்கோட்டை ரயிலில் கூட வரும் வேறு கல்லூரி ஆசிரியர்கள் மாறியிருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். துறைக்குள் இல்லாத யோசனை பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேரும்.

பழைய கோப்புகளுக்கு எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை பிழை பாருங்கள். முதல் கோப்பாக, துறையின் மூத்தவர் பல ஆண்டு உழைத்து எழுதிய பாடக்குறிப்பை எடுங்கள். அதை ஒருங்குறியாக்கி அவருடைய போனுக்கே அனுப்புங்கள். தன் எழுத்து தன் கையிலேயே தமிழாகத் திறப்பதைப் பார்த்தவர், மற்றவர்களிடம் அவரே சொல்வார்.