நினைவுக் குறிப்பு எழுதப்போகும் தம்பிக்கு



உன் கடிதம் கிடைத்தது. அண்மையில் நம் இயேசு சபை மாநிலத்தில் இறந்துபோன சாமிமார், பிரதர்மார் எல்லாருக்கும் கல்லறைத் திருநாளுக்குள் நினைவுக் குறிப்பு எழுதும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது. கோப்புகள் கையில் இருக்கின்றன, இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். முடித்துவிடலாம்தான். சபையில் சேர்ந்த நாள், முதல் வார்த்தைப்பாடு, குருப்பட்டம், இறுதி வார்த்தைப்பாடு, பிறகு எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்தப் பங்கு. அரசாங்க ஊழியரின் மாறுதல் உத்தரவுகளை அடுக்கிவைத்த மாதிரி இருக்கும். கடைசியில் ‘எளிமையானவர், செபவாழ்வில் சிறந்தவர்’ என்று ஒரு வரி போட்டால் வேலை முடிந்தது. பெயரை மாற்றிவிட்டு அடுத்தவருக்கும் அதையே அச்சுக்கு அனுப்பலாம்.

நான் உன் வயதில் இருந்தபோது திருச்சியில் விடுதிக்குக் காய்கறி வாங்கும் பிரதர் ஒருவர் இருந்தார். விடியுமுன் காந்தி மார்க்கெட்டில் நிற்பார். கத்திரிக்காயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். சொத்தை ஒன்று அகப்பட்டால் கடைக்காரரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். மறுநாள் அதே கடைக்குத்தான் போவார். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் கத்திரிக்காய் பிரதர். அவருடைய அடக்கத் திருப்பலியில் மறையுரை வைத்தவர், ‘அமைதியின் வடிவம், பொறுமையின் சிகரம்’ என்று தொடங்கினார். பின்வரிசையில் இருந்த சமையற்கட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகிறார்களாக்கும் என்று நினைத்தேன். அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோயிலில் அன்றைக்கு அவரை நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. கோப்பில் என்ன இருந்தது என்கிறாயா? ‘பொருள் வாங்குபவர்’. ஆண்டுக்கு ஆண்டு அதே சொல்.

கே. எம். மாத்யூ சாமியை நீ பார்த்திருக்க மாட்டாய், 2004-இல் போய்விட்டார். தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கியவர். பழனி மலைத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய தொகுதிகளைத் தாவரவியல் படிக்கிற பிள்ளைகள் இன்றும் புரட்டுகிறார்கள். திருச்சிக்குப் போனால் அங்கே ஒரு தாளைக் காட்டச் சொல். காய்ந்த செடிக்குக் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எந்த இடம், எந்த நாள், எவ்வளவு உயரம், யார் பறித்தது என்ற விவரம் அதில் இருக்கும். பூவின் நிறத்தையும் பறித்த கையோடு எழுதிவைப்பார்கள். உலர்ந்த பிறகு அது போய்விடும். ‘அழகான செடி’ என்று யாரும் எழுத மாட்டார்கள். உன் குறிப்பும் அந்தச் சீட்டைப் போல இருக்கட்டும். கோபமோ, சிரிப்போ, பாடத்தெரியாமல் பாடுகிற குரலோ, ஒருவருடைய நிறம் எதுவென்று பார்த்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுது.

இப்படி எழுதிவைப்பது நமக்குப் புதிதல்ல. பழைய மதுரை மிஷனில் இருந்தவர்கள் ரோமாபுரிக்கு ஆண்டு மடல் எழுதினார்கள். 1773-இல் சபையே கலைக்கப்பட்டது. மறுபடி உயிர்பெற்று, பிரெஞ்சு சாமிமார் இங்கே வந்து இறங்கிய பிறகு, அவர்களில் பெர்ட்ராண்ட் சாமி அந்தப் பழைய மடல்களைத் தேடித் தொகுத்து 1847 முதல் 1854 வரை பாரிஸில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். தத்துவ போதகரையும், 1693-இல் ஓரியூரில் வெட்டுண்ட அருளானந்தரையும் நாம் இவ்வளவு நெருக்கமாக அறிந்திருப்பது யாரோ எழுதி, யாரோ பத்திரப்படுத்தியதால்தான். ஆனால் அவர்களுக்கு முன்னால் ஊர் ஊராக நடந்த உபதேசியார்கள் பலரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே சமையல்காரர், வாட்ச்மேன், டிரைவர் எல்லாரிடமும் கேள். அவர்கள் சொன்னதை அவர்கள் பெயரோடு போடு.

நவம்பர் 5 அன்று சபைப் புனிதர் எல்லாருக்கும் விழா எடுக்கிறோம். அவர்களுக்குச் சரித்திரம் எழுத ஆள் உண்டு. பெயர் பெற்றவர்களைப் பற்றிப் பத்திரிகைகளே எழுதிவிடும். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஸ்டான் சாமியை எடுத்துக்கொள். 1937-இல் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர், ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர், 2021 ஜூலை 5 அன்று மும்பையில் விசாரணைக் கைதியாகவே இறந்தவர். ‘மறைசாட்சி’ என்று எழுதினால் படிப்பவர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். நடுக்குவாதத்தில் டம்ளர் பிடிக்க முடியாமல், உறிஞ்சு குவளைக்காக நீதிமன்றத்தில் மனுப் போட நேர்ந்ததை எழுது. உடனிருந்த ஏழைக் கைதிகள் துணி துவைத்துத் தந்ததையும் முழங்காலைப் பிடித்துவிட்டதையும் அவரே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அதை எழுது. கும்பிட்டவர் அங்கே கொஞ்சம் நிற்பார்.

குறைகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். முன்கோபம், கஞ்சத்தனம், மாநிலத் தலைவரோடு ஓயாத சண்டை, இவற்றைத் தாராளமாக எழுது. இறந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்; உயிரோடிருக்கும் நண்பர்கள்தான் முகம் சுளிப்பார்கள், சுளித்துவிட்டுப் போகட்டும். மனம் திறந்து உன்னிடம் அவர் தனியே சொன்னது எதுவும் தாளில் ஏறக்கூடாது. யாருக்காவது, முக்கியமாகச் சிறியவர்களுக்கு, தீங்கு செய்தவர் என்று தெரிந்தால் புகழுரை வேண்டாம். பிறந்த நாள், இறந்த நாள் போதும். அந்தக் குறிப்பைப் பாதிக்கப்பட்டவரும் படிக்கக்கூடும்.

குடும்பத்தை விட்டுவிடாதே. அடக்கத்தன்று வேன் பிடித்து வந்து, சாமிமாருக்கு வழிவிட்டு ஓரமாக நிற்பார்களே, அவர்கள். அக்காவோ தங்கையோ இருந்தால் போன் போட்டுப் பேசு. சபையில் சேர்வதற்கு முன்பிருந்த பையனை அவர்களுக்குத்தான் தெரியும். முதல் தடவை ‘எங்க சாமி ரொம்ப நல்லவரு’ என்றுதான் சொல்வார்கள். போனை வைக்காமல், சின்ன வயசில் எப்படி என்று கேள்.

படுக்கையில் விழுந்தவர்களின் பெயருக்கு எதிரே நம் அட்டவணையில், ‘திருச்சபைக்காகவும் சபைக்காகவும் செபிக்கிறார்’ என்று போடுகிறோம். வேலை இல்லாதவர் என்று யாரையும் சொல்லாத வழக்கம், எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த ஒரு வரிக்குள் கடைசிப் பத்து வருஷம் போய்விடுகிறது. அந்த வருஷங்களையும் எழுது. யார் மலம் அள்ளினார்கள், யார் பேப்பர் படித்துக் காட்டினார்கள், மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடித்தாரா, எல்லாம்.

உன் பட்டியலில் இருப்பவர்களோடு ஒன்றாகப் பயிற்சியில் இருந்த மூன்று பேர் நம் முதியோர் இல்லத்தில் இன்னும் இருக்கிறார்கள். கோப்பைத் திறக்குமுன் அவர்களைப் பார். நாலரைக்கு மேல் போ, அதுவரை தூங்குவார்கள். கடைசி அறையில் இருப்பவருக்கு வலக்காது சுத்தமாகக் கேட்காது. இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார். கொஞ்சம் மிக்சர் வாங்கிப் போனால் நல்லது, சர்க்கரை இருப்பதால் இனிப்பு வேண்டாம். அவர் சொல்வதில் பாதி சண்டைக் கதையாக இருக்கும். வெட்டாமல் எழுதிக்கொண்டு வா, வெட்டுவதை இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

கிறிஸ்துவில் அன்புடன்,
உன் பழைய ஃபாதர்