மயிலையிலிருந்து அடையாற்று முகத்துவாரம் வரை

யான் பிறந்து வளர்ந்தது திருமயிலையில். முப்பது ஆண்டுகட்கு மேலாக மாணவர்க்கு நெய்தல் திணையைக் கற்பித்தேன். ஆயினும், என் இல்லத்திலிருந்து ஒரு நாழிகை நடையில் உள்ள நெய்தல் நிலத்தை ஊன்றி நோக்கியதில்லை. பணி ஓய்வு பெற்ற பின்னர், ஒரு பங்குனித் திங்கட் காலையில் அக்குறை தீரப் புறப்பட்டேன்.

மயிலை பழைய துறைமுகப் பட்டினம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் அறிஞர் குறித்துள்ள துறைகளுள் ஒன்று இவ்வூரே என்பர். கபாலீசுவரர் கோயிலும் முற்காலத்தில் கடலோரத்தில் இருந்ததென்பது வழக்கு. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமில் குடியேறினர். இன்று அங்கு வானளாவ நிற்கும் வெண்ணிறத் தேவாலயம் 1896-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. அதனைக் கடந்து, பட்டினப்பாக்கம் வழியே தெற்கு நோக்கி நடந்தேன்.

சீனிவாசபுரத்திற்கு அப்பால் அடையாறு கடலொடு கலக்கின்றது. அங்கே ஒரு பாலம் பாதியில் அறுபட்டு நிற்கின்றது. அக்கரையிலுள்ள ஊரூர்க் குப்பத்திற்குச் செல்ல 1967-இல் கட்டப்பெற்ற அது, 1977-ஆம் ஆண்டு வெள்ளத்தில் இடிந்தது. பாலத்தின் நிழலில் முதிய மீனவர் ஒருவர் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கிலிருந்து வீசிய காற்றைச் சுட்டி, "இது கொண்டல் அன்றோ?" என்றேன். "ஆம் ஐயா, கொண்டலே" என்றார் அவர். நூலிற் கற்ற சொல் அவர் நாவில் உயிரோடிருக்கக் கேட்டு உளம் பூரித்தேன்.

"காற்றின் பெயரைச் சொன்னீர்கள்; கடலுக்குள் ஓடும் நீரோட்டத்தின் பெயர் யாது?" என்று அவர் வினவினார். விடையறியாது நின்றேன்.

"தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. கோடையில் தெண்டி மணலை வடக்கே தள்ளும். மழைக்காலத்தில் வன்னி அதனைத் தெற்கே தள்ளும். ஆற்றில் நீர் குறைந்தால், அம்மணலே முகத்துவாரத்தை அடைத்துவிடும். பெருமழை பெய்து வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு போகும்" என்றார்.

வன்னி என்பதை மரத்தின் பெயராகவும் தீயின் பெயராகவும் நூல்களிற் கண்டிருக்கிறேன். கடலோடியின் வன்னியை அன்றே கேட்டேன்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இக்குப்பத்தில் உயிர்கள் பலவற்றைக் கொண்டு சென்றது. அதுபற்றி யான் கேட்டிலேன், அவரும் சொல்லவில்லை. தம் பெயரன் கரையில் வேலை பார்ப்பதை மட்டும் கூறி, "அவனுக்குத் தெண்டி எதற்கு?" என்றார்.

குறிப்பேட்டை எடுத்து அவ்விரு சொற்களையும் எழுதினேன். வலையைக் கீழே வைத்துவிட்டு, எழுதியதைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "தெண்டி என்பதை இன்னும் அழுத்திச் சொல்லுங்கள், ஐயா" என்று திருத்தினார்.