முப்பது போட்டோ, ஒரே படம்: கேமராவைக் கணினியால் ஓட்டி ஃபோகஸ் ஸ்டாக்கிங்

ஒரு சர்க்யூட் போர்டைக் கொஞ்சம் சாய்வா வைச்சு, மேக்ரோ லென்ஸால கிட்டத்துல ஒரு படம் எடுத்துப் பாருங்க. முன்னாடி இருக்கற ரெசிஸ்டரோட நிறப் பட்டைகள் பளிச்னு தெரியும். அதுக்கு ஒரு சென்டிமீட்டர் பின்னாடி நிக்கற கெப்பாசிட்டர், பனிமூட்டத்துல நிக்கற மாதிரி இருக்கும். கெப்பாசிட்டருக்கு ஃபோகஸ் வைச்சா ரெசிஸ்டர் போயிடும். சால்டர் ஜாயின்ட்ல விழுந்த விரிசலை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல காட்டணும்னு நினைக்கற எல்லாரும் இந்த இடத்துலதான் மாட்டிக்குவாங்க. லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. இது ஒளியியல் போடற கணக்கு.

கணக்கைச் சொல்லிடறேன். அப்பர்ச்சர் எண்ணை 2-ஆல பெருக்குங்க. அதை, நாம பொறுத்துக்கற மங்கல் வட்டத்தோட விட்டத்தால பெருக்குங்க. உருப்பெருக்கத்தோட 1-ஐக் கூட்டி அதாலயும் பெருக்கி, மொத்தத்தை உருப்பெருக்கத்தோட வர்க்கத்தால வகுத்தா, எவ்வளவு ஆழம் தெளிவா விழும்னு கிடைக்கும். ஏபிஎஸ்-சி சென்சாருக்கு மங்கல் வட்டம் வழக்கமா 0.02 மி.மீ. எஃப் 8-ல வைச்சு, பொருளைப் பாதி அளவுல சென்சார்ல விழ வைச்சா ஆழம் 1.92 மி.மீ. அதே அளவுல, அதாவது 1:1-ல, 0.64 மி.மீ. இரண்டு மடங்குல 0.24 மி.மீ. வர்க்கம் கீழ இருக்கறதால எவ்வளவு வேகமா சரியுது பாருங்க. 24 மெகாபிக்சல் படத்தை முழு அளவுல பெரிசாக்கிப் பார்க்கப் போறீங்கன்னா 0.02 கூட தாராளம்தான். 0.01-னு வைச்சுக்கிட்டா மேல சொன்ன எல்லாமே பாதியாகிடும்.

"அப்போ அப்பர்ச்சரை எஃப் 16, எஃப் 22-ன்னு சுருக்கிட்டா போச்சு"ன்னு தோணும். இங்கதான் விளிம்பு விளைவு குறுக்க வருது. கிட்டத்துல எடுக்கும்போது லென்ஸ் காட்டற எண் உண்மையான எண் இல்ல. அதை உருப்பெருக்கம் கூட்டல் ஒண்ணால பெருக்கணும். 1:1-ல எஃப் 16-ங்கறது எஃப் 32 மாதிரி வேலை செய்யும். அப்போ ஒரு புள்ளியிலிருந்து வர பச்சை ஒளி, சென்சார்ல சுமார் 43 மைக்ரான் அகல வட்டமா விழுது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார்ல ஒரு பிக்சல் 4 மைக்ரானுக்கும் குறைவு. ஆக ஒரு புள்ளி பத்து பிக்சலுக்கு மேல பரவிக் கிடக்குது. இவ்வளவு இழந்தும் கிடைக்கற ஆழம் 1.28 மி.மீ. தான். நமக்கு வேணும்ங்கறது 10 மி.மீ.! எஃப் 5.6-லயே இருந்தா அந்த வட்டம் 15 மைக்ரான் அளவுல அடங்கிடும்.

அதனால ஒரே படத்துல எல்லாத்தையும் பிடிக்கற ஆசையை விட்டுடறோம். லென்ஸ் நல்லா வேலை செய்யற அப்பர்ச்சர்ல, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி பல படம் எடுத்து, ஒவ்வொண்ணுலயும் தெளிவா இருக்கற பகுதியை மட்டும் பொறுக்கிச் சேர்க்கறோம். இதுதான் ஃபோகஸ் ஸ்டாக்கிங். செவ்வாய்ல இருக்கற கியூரியாசிட்டி ரோவரோட கையில மாலின்னு ஒரு கேமரா இருக்கு. பாறைத் துகள்களைக் கிட்டத்துல படம் எடுக்கறது அதோட வேலை. எட்டு படம் வரைக்கும் அங்கேயே சேர்த்து, ஒரு தெளிவான படத்தையும் ஒரு ஆழ வரைபடத்தையும் மட்டும் பூமிக்கு அனுப்ப அதால முடியும். எட்டையும் அனுப்பினா பேண்ட்விட்த் வீண். லெவன் பிஸ்ங்கற பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகப் பூச்சிகளை எடுத்தப்போ, ஒரு பூச்சிக்கு 8000 படத்துக்கு மேல சேர்த்தார். நமக்கு முப்பது போதும்.

கை ஏன் ஆகாது?

ஃபோகஸ் வளையத்தைக் கையால திருப்பி முப்பது படம் எடுக்கலாம், யாரும் தடுக்கல. ஆனா தொடும்போதெல்லாம் கேமரா அசையும். 1:1-ல பொருள் 4 மைக்ரான் அசைஞ்சாலே படத்துல ஒரு பிக்சல் தள்ளிடும். அதைவிட முக்கியம், விரல் சமமான அடி எடுத்து வைக்காது. இரண்டு படத்துக்கு நடுவுல இடைவெளி விட்டுப்போனா, சேர்த்த படத்துல ஒரு மங்கலான பட்டை ஓடும். எடுத்து முடிச்சு, போர்டைக் கழட்டி வைச்ச பிறகுதான் அது கண்ணுல படும்.

கேமராவுக்கும் கணினிக்கும் நடுவுல ஏற்கெனவே ஒரு பேச்சு மொழி இருக்கு. பிக்சர் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால், சுருக்கமா பிடிபி. யூஎஸ்பி கேபிள் செருகினதும் படங்களை இறக்கறமே, அதே வழிதான். அதுக்கு மேல கேனான், நிக்கான் மாதிரி கம்பெனிகள் ஷட்டரை அழுத்த, அப்பர்ச்சர் மாத்த, லென்ஸ் மோட்டாரை நகர்த்தன்னு தங்களுக்கான கட்டளைகளைச் சேர்த்திருக்காங்க. லினக்ஸ்ல இதுக்கு ஜிபோட்டோ2 இருக்கு, இலவசம், ஓப்பன் சோர்ஸ். பைத்தான்ல இருந்தும் கூப்பிடலாம். விண்டோஸ்ல டிஜிகேம்கண்ட்ரோல் இலவசம், அதுல ஃபோகஸ் ஸ்டாக்கிங்குக்குத் தனி ஜன்னலே உண்டு. காசு கொடுக்கத் தயார்னா ஹீலிகான் ரிமோட். என் ஓட்டு ஜிபோட்டோ2-க்கு. காசு மட்டும் காரணமில்ல. உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும், பின்னாடி ஆர்டுயினோவோட இணைக்கவும் முடியும்.

லினக்ஸ்ல முதல் நாளே பலரும் முட்டிக்கற சுவர் ஒண்ணு இருக்கு. கேபிளைச் செருகினதும் டெஸ்க்டாப்பே ஓடி வந்து கேமராவைப் பிடிச்சு, ஃபோல்டர் மாதிரி திறந்து வைச்சுக்கும். அப்புறம் ஜிபோட்டோ2 கேட்டா, யூஎஸ்பி சாதனம் கிடைக்கலைன்னு பிழை வரும். ஜிவிஎஃப்எஸ்-னு ஆரம்பிக்கற, பேர்ல ஜிபோட்டோ2-ன்னும் வர பின்னணி புராசஸை நிறுத்திட்டா போதும். கேபிளை மாத்தறது, கேமராவையே சந்தேகப்படறதெல்லாம் அதுக்கு அப்புறம்.

கேனான் டிஎஸ்எல்ஆரை வைச்சுச் சொல்றேன், கல்லூரிகள்ல அதான் அதிகம் புழங்குது. லென்ஸ் மேல இருக்கற சுவிட்ச் ஏஎஃப்-ல இருக்கணும். எம்எஃப்-ல வைச்சா மோட்டார் கட்டளையைக் கேக்காது. ஆனா ஏஎஃப்-ல வைச்சா, படம் எடுக்கற நேரத்துல கேமரா தானா ஃபோகஸ் தேடிக்கிட்டு நம்ம அடியைக் கலைச்சிடும். இரண்டுக்கும் ஒரே தீர்வு: கஸ்டம் ஃபங்ஷன்ல போய் ஆட்டோஃபோகஸை ஷட்டர் பட்டன்ல இருந்து எடுத்து, பின்னாடி இருக்கற நட்சத்திரக் குறி பட்டனுக்கு மாத்திடுங்க. அடுத்து லைவ் வியூவை ஆன் பண்ணணும். ஜிபோட்டோ2-ல அதுக்கு வியூஃபைண்டர்னு பேர், மதிப்பு 1. லைவ் வியூ இல்லாம லென்ஸ் நகராது. நகர்த்தற அமைப்போட பேர் மேனுவல் ஃபோகஸ் டிரைவ், ஒரே சொல்லா எழுதணும். கேனானுக்கு அது நியர் 1, 2, 3, ஃபார் 1, 2, 3-ன்னு ஆறு அடிதான் தரும். 1 ரொம்பச் சின்ன அடி, 3 பெரிய தாவல். நிக்கான்ல இதே இடத்துல நேரடியா ஒரு எண் கொடுக்கலாம்.

ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியா ஓட்டாதீங்க. ஒவ்வொரு தடவையும் தொடர்பு திறந்து மூடும், லைவ் வியூ அணையும். ஷெல் முறையிலயோ பைத்தான்லயோ ஒரே தொடர்புல எல்லாத்தையும் முடிக்கணும். நிரலோட எலும்புக்கூடு ரொம்பச் சின்னது: படம் எடு, இறக்கு, லென்ஸை இரண்டு அடி நகர்த்து, இரண்டு விநாடி பொறு, திரும்ப ஆரம்பி. அந்த இரண்டு விநாடியை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீங்க. லென்ஸ் நின்னதும் ஸ்டாண்டோட நடுக்கம் உடனே நிக்காது.

ஒரு அடின்னா எத்தனை மில்லிமீட்டர்?

இது எந்த மேனுவல்லயும் இருக்காது. லென்ஸுக்கு லென்ஸ் மாறும், உருப்பெருக்கத்துக்கு ஏத்த மாதிரியும் மாறும். நாமளே அளக்கணும். ஒரு இரும்பு ஸ்கேலை 45 டிகிரி சாய்வா வைச்சு, அப்பர்ச்சரை முழுசாத் திறந்து, எந்தக் கோடு தெளிவா இருக்குன்னு குறிச்சுக்கோங்க. இருபது தடவை ஃபார் 1 கொடுங்க. தெளிவான இடம் ஸ்கேல் மேல 5 மி.மீ. நகர்ந்ததுன்னு வைச்சுக்குவோம். 45 டிகிரிங்கறதால உண்மையான ஆழம் அதை ரூட் 2-ஆல வகுத்தா வர சுமார் 3.5 மி.மீ. ஒரு அடி 0.175 மி.மீ. 1:1-ல எஃப் 8-க்கு ஆழம் 0.64. படங்கள் ஒண்ணோட ஒண்ணு முப்பது சதவீதமாவது மேல ஏறணும்னா 0.45-க்குள்ள நகரணும். இரண்டு அடி போட்டா 0.35, சரியா வரும். 10 மி.மீ. ஆழத்துக்கு 29 நகர்வு, அதாவது 30 படம்.

நகர்த்தறது எப்பவும் ஒரே திசையில இருக்கட்டும். பல்சக்கரத்துல பேக்லாஷ் இருக்குன்னு மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்லவே வேணாம். திசை மாத்தினா முதல் சில அடி வீணாப் போகும். பொருளோட முன் முனைக்கும் இன்னும் கொஞ்சம் முன்னாடி போய், அங்கிருந்து பின்பக்கமா மட்டும் வாங்க. இரண்டு பக்கமும் இரண்டு மூணு படம் கூடுதலா எடுக்கறது நல்லது.

மேக்ரோ லென்ஸ் இல்லாதவங்க எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கறது வழக்கம். 50 மி.மீ. லென்ஸ்ல 36 மி.மீ. டியூப் போட்டா 0.72 உருப்பெருக்கம் கூடுது. வாங்கும்போது உள்ள பித்தளைத் தொடுபுள்ளிகள் இருக்கான்னு பாருங்க. வெறும் குழாயா விக்கறது விலை ரொம்பக் கம்மி. ஆனா அது வழியா கணினியால ஃபோகஸையும் நகர்த்த முடியாது, அப்பர்ச்சரையும் மாத்த முடியாது. லென்ஸைத் தலைகீழா மாட்டறவங்களுக்கும் இதே கதிதான்.

அந்த நிலைமையிலயும், 1:1-ஐத் தாண்டிப் போகும்போதும், கேமராவையே நகர்த்தற ரெயில்தான் வழி. ஸ்டெப்பர் மோட்டார், ஏ4988 டிரைவர், ஆர்டுயினோ, ஒரு லீட் ஸ்க்ரூ. 3டி பிரிண்டர் உதிரி பாகம் கிடைக்கற கடையில எல்லாமே இருக்கும். சுத்துக்கு 200 அடி, பதினாறு மைக்ரோஸ்டெப்னா 3200. சுத்துக்கு 8 மி.மீ. நகர்ற ஸ்க்ரூன்னா ஒரு மைக்ரோஸ்டெப் 2.5 மைக்ரான். மைக்ரோஸ்டெப்பை அப்படியே நம்பக்கூடாது, சுமை ஏறினா பிசகும். ஆனா 0.24 மி.மீ. ஆழத்துக்குள்ள நகர்றதுக்கு இது தாராளம். ஆர்டுயினோவுக்கு சீரியல்ல ஒரு எண் அனுப்பற வரியை அதே பைத்தான் நிரல்ல சேர்த்துட்டா, லென்ஸை நகர்த்தற வரியோட இடத்துல அது உக்காந்துக்கும்.

வெளிச்சமும் மற்றதும்

எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ எல்லாம் மேனுவல். ஒரு படம் மஞ்சளா, அடுத்தது நீலமா வந்தா சேர்க்கற மென்பொருள் குழம்பும். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால மலிவான எல்இடி பல்பு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் 1/200-ன்னு வைச்சா ஒரு படம் வெளுப்பாவும் இன்னொண்ணு இருட்டாவும் வரும். 1/50 இல்லைன்னா அதைவிட மெதுவா 1/25, 1/10-ன்னு போங்க. ஒளிக்கு முன்னாடி ஒரு டிரேசிங் பேப்பரைப் பிடிச்சா சால்டர்ல பளபளப்பு அடங்கும். ஃபேனை நிறுத்திடுங்க. ஆட்டோ பவர் ஆஃப் வேண்டாம். லைவ் வியூ பேட்டரியைக் குடிக்கும், முழுசா சார்ஜ் பண்ணிட்டு ஆரம்பிங்க. ஒரு ஸ்டாக்குக்கு ஷட்டர் முப்பது தடவை விழுதுங்கறதும் ஞாபகம் இருக்கட்டும். துறையோட கேமராவைக் கடன் வாங்கியிருந்தா, அளவு பார்க்கற சோதனையை நாலஞ்சு படத்தோட முடிச்சுக்கறது மரியாதை.

சேர்க்கறதுக்கு இலவசமா ஹியூகின் தொகுப்புல இருக்கற அலைன் இமேஜ் ஸ்டாக்கும், என்ஃபியூஸும் போதும். ஃபோகஸ் நகரும்போது உருப்பெருக்கமும் கொஞ்சம் மாறும். அதனால அலைன் பண்ணும்போது பார்வைக் கோணத்தையும் சரி பண்ணச் சொல்ற எம் விருப்பத்தைக் கொடுங்க. என்ஃபியூஸ் அடிப்படையில வேற வேற எக்ஸ்போஷர் படங்களைச் சேர்க்கறதுக்காக வந்தது. அதனால எக்ஸ்போஷர் எடை 0, சேச்சுரேஷன் எடை 0, கான்ட்ராஸ்ட் எடை 1, கூடவே ஹார்டு மாஸ்க்னு சொன்னாத்தான் நம்ம வேலையைச் செய்யும். ஹார்டு மாஸ்க் விட்டுப்போனா எல்லாப் படத்தையும் சராசரி எடுத்த மாதிரி சோகையா ஒரு படம் வரும். 24 மெகாபிக்சல் படம் 16 பிட் டிஃப்ல 144 எம்பி, முப்பதுன்னா 4 ஜிபிக்கு மேல. பழகற வரைக்கும் ஜேபெக்கே போதும்.

உள்ள நடக்கறதைப் புரிஞ்சுக்க, ஓப்பன்சிவியில நீங்களே எழுதிப் பாருங்க, இருபது வரி வராது. சீரமைச்ச ஒவ்வொரு படத்துக்கும் லாப்லாசியன் எடுத்து, அதோட தனி மதிப்பை காஸியன் மங்கலாக்கலாம். ஒவ்வொரு பிக்சலுக்கும் எந்தப் படத்துல அந்த மதிப்பு அதிகமோ, அந்தப் படத்தோட பிக்சலை எடுத்துக்கணும். எந்தப் படம்ங்கற எண்ணை மட்டும் தனியா வரைஞ்சா, அதுதான் ஆழ வரைபடம். மாலி அனுப்பறதும் இதே வகைதான்.

முன்னாடி நிக்கற ஒரு கம்பி, தூரத்துல இருக்கற போர்டை மறைக்கற இடத்துல மட்டும் இது திணறும். கம்பி மங்கலா இருக்கற படங்கள்ல அதோட நிழல் அகலமாப் பரவி, பின்னாடி இருக்கறதை மூடிடும். அந்த ஓரத்துல தெளிவான பிக்சல் எந்தப் படத்துலயும் இருக்காது. அதனால ஒளிவட்டம் மாதிரி ஒரு பட்டை வரும், சில சமயம் இல்லாத கோடு கூட முளைக்கும். அழகுக்காக எடுக்கற படம்னா தொட்டுத் திருத்திக்கலாம். சால்டர் விரிசலை ஆதாரமா வைக்கப்போறீங்கன்னா, விரிசல் தெரியற தனிப் படத்தையும் ரிப்போர்ட்ல சேருங்க, முப்பது மூலப் படத்தையும் அழிக்காம வைங்க. ரிவ்யூல "இது விரிசலா, மென்பொருள் போட்ட கோடா"ன்னு கேட்டா, அந்த ஒரு ஃபிரேமைத் திறந்து காட்டிடலாம்.